தீபாவளி விருந்தில் மதுத் தெரிவு: தெரிபவர் யார்?

விருந்துக்கு எந்த மது பொருந்தும் என்ற வினா மேனாட்டில் ஒரு தனிச் சாத்திரமாகவே வளர்ந்துள்ளது. மீனுக்கு வெண்ணிற வைன், ஆட்டிறைச்சிக்குச் செந்நிற வைன், இனிப்புப் பண்டத்துக்கு அதனினும் இனிப்பான வைன் என்று அங்கே விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவ்விதிகளை அறிந்தவர் நாகரிகமுடையவர் எனவும், அறியாதவர் பட்டிக்காட்டார் எனவும் கொள்ளும் மனப்பாங்கும் உடன் வளர்ந்துள்ளது. இவ்வினா இன்று மஸ்கெலியாவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கொழும்பில் கடைச் சிப்பந்தியாகவோ ஹோட்டல் ஊழியனாகவோ வேலை செய்து, தீபாவளிக்கு முதல்நாள் பேருந்தேறி ஊர் திரும்பும் இளைஞன், அப்பனுக்குச் சாராயம், நண்பர்களுக்குப் பியர், வீட்டுப் பெண்களுக்கு வைன் என்று வகைபிரித்து வாங்கிவருவதைப் பெருமையாகக் கருதுகின்றான். ‘சாராயத்தை விட்டு வைனுக்கு மாறினால் தோட்டமும் திருந்திவிடும்’ என்று சொல்லும் படித்தவர்களும் உளர்.

இக்கருத்து எத்துணை ஆழமற்றது என்பதை எடுத்துரைத்தல் அவசியமாகின்றது. தெரிவு என்ற சொல் பொருள் பெறவேண்டுமாயின் தெரிபவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் கையில் அவருக்கே உரிய பணம் இருத்தல் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருத்தல் வேண்டும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மலைகளில், சாமிமலையிலும் நல்லதண்ணியிலும், லயத்துக் காம்பிராக்களில் நிகழும் தீபாவளி விருந்தில் இம்மூன்றும் உண்டா? இல்லையெனின், எந்தப் போத்தல் என்ற வினா இரண்டாவது வினாவேயாகும். முதலாவது வினா இன்னும் கேட்கப்படவில்லை.

முதற்கண் அந்த மேனாட்டுச் சாத்திரத்தையே எடுத்துக்கொள்வோரின் வாதத்தை நோக்குதல் தகும். அச்சாத்திரம் வெறும் பகட்டு அன்று. செந்நிற வைனில் தனின் எனப்படும் துவர்ப்புப் பொருள் உண்டு. அது உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைந்து நாவை உலரச் செய்யும். கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சியோடு உண்ணும்போது அத்துவர்ப்புத் தணிகின்றது. ஆதலின் ஆட்டிறைச்சிக்குச் செந்நிற வைன் என்ற விதி பிறந்தது. வெண்ணிற வைனின் புளிப்பு, எலுமிச்சஞ் சாறு செய்யும் வேலையை மீனுக்குச் செய்கின்றது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் அதே சாத்திரம் சொல்லும் இன்னொரு விதியை மஸ்கெலியாவில் எடுத்துச் சொல்வார் இல்லை. மிளகாயின் எரிவை மதுசாரம் மிகுவிக்கும். துவர்ப்பும் அவ்வெரிவோடு சேர்ந்து நாவைக் கடுக்கச் செய்யும். காரமான உணவுக்கு மதுசாரம் குறைந்ததும் சிறிது இனிப்புடையதுமான பானமே பொருந்தும் என்பது அச்சாத்திரிகளின் முடிபு. செத்தல் மிளகாயும் மிளகும் அரைத்துக் கூட்டிய ஆட்டிறைச்சிக் குழம்புக்கு, நூற்றுக்கு 33.5 பங்கு மதுசாரமுடைய சாராயத்தைப் போலப் பொருந்தாத பானம் வேறொன்று இருக்கமுடியாது. செந்நிற வைனும் அதற்கு அடுத்த இடத்திலேயே நிற்கும். சுவையென்ற அளவுகோலால் அளந்தாலும் லயத்து விருந்தில் மது இடம்பெற்றதற்குக் காரணம் சுவை அன்று என்பது இதனால் தெளிவாகும்.

அன்றியும், வைன் உணவோடு பிணைந்து வளர்ந்த பானம். மத்தியதரைக் கடல் நாடுகளில் அது மேசையில், குடும்பத்தார் நடுவில், உணவுக்குத் துணையாக அருந்தப்பட்டது. உணவே தலைமை, பானம் அதன் ஏவல். தோட்டத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே மது உணவுக்கு முன்னர், வெறுவயிற்றில், வீட்டுக்கு வெளியே, ஆண்கள் கூட்டத்தில் குடிக்கப்படுகின்றது. சமைத்த சோறும் குழம்பும் அடுப்படியில் ஆறிக்கிடக்க, சமைத்தவள் காத்திருக்க, உண்ண வேண்டியவன் உண்ணும் நிலையில் வருவதில்லை. இந்த ஒழுங்கில் சாராயப் போத்தலை எடுத்துவிட்டு வைன் போத்தலை வைப்பதனால் மாறப்போவது போத்தலின் நிறமே. ஒரு பானத்தைக் கப்பலில் ஏற்றிக் கொணரலாம். அப்பானம் வளர்ந்த வாழ்க்கை முறையைக் கப்பலில் ஏற்ற இயலாது.

மேனாட்டுச் சாத்திரத்தின் வரலாறும் கருத்திற் கொள்ளத்தக்கது. பிரான்சின் போர்தோ வைன்களைத் தரம்பிரித்த புகழ்பெற்ற பட்டியல் 1855ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கெனத் தயாரிக்கப்பட்டது. அதனைத் தயாரித்தவர்கள் வைன் தரகர்கள். அவர்கள் கொண்ட அளவுகோல் சந்தையில் ஒவ்வொன்றும் பெற்ற விலையே. சுவையின் உச்சம் என்று உலகம் போற்றும் பட்டியலே விலைப்பட்டியலாகத் தொடங்கியது எனின், ‘நல்ல ரசனை’ என்ற பெயரில் மஸ்கெலியா இளைஞன் கற்றுக்கொள்வது எவருடைய ரசனை என்ற ஐயம் எழுதல் இயல்பே. 2005ஆம் ஆண்டு முதல் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரை பங்களாக்கள் சில சொகுசு விடுதிகளாக மாற்றப்பட்டுள்ளன. அங்கே தங்கும் உல்லாசப் பயணிக்கு உணவுக்கேற்ற வைன் பரிமாறப்படுகின்றது. சன்னலுக்கு வெளியே தெரியும் பச்சை மலைச்சரிவும் அதில் கூடை சுமந்து நிற்கும் பெண்ணும் அவ்விருந்தின் அலங்காரமாகின்றனர். துரையின் சாப்பாட்டு மேசையே நாகரிகத்தின் அளவுகோல் என்ற எண்ணம் துரை போன பின்னரும் போகவில்லை.

இரண்டாவதாக வருவோர் பண்பாட்டு வாதிகள். ‘தமிழர் மதுவுக்குப் புதியவரல்லர், சங்க காலமே தேறலும் நறவும் அருந்திய காலம், பண்டிகையில் குடிப்பதைக் குறை கூறுதல் மேலைச் சமயப் பரப்புநர் கற்றுத்தந்த ஒழுக்கவாதம்’ என்பது இவர்களது வாதம். இதில் ஒரு பாதி உண்மை. யவனர் கொணர்ந்த நறுமண மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியமையைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டிலே நக்கீரர் பேசுகின்றார். அது புனைந்துரை மாத்திரம் அன்று என்பதற்கு, 1945இல் மோர்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த மத்தியதரைக் கடற் சாடிகளின் துண்டுகள் சான்று. உணவுக்கேற்ற வைனைத் தெரிந்த முதல் தமிழன் ஒரு பாண்டியனே என்று சொன்னாலும் பிழையில்லை.

ஆனால் இவ்வாதிகள் தொடாமல் விடும் பாதியே முதன்மையானது. நன்மாறன் கையிலிருந்த மது கடல் வாணிபத்தின் வழி வந்தது. அவன் அதற்காக எவரிடமும் கடன்படவில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டு, அவன் கள்ளை எவ்வாறு பகிர்ந்தான் என்பதை நினைந்து அழுகின்றது. சிறிதளவே இருப்பின் பிறர்க்கு ஈந்தான். பெரிதளவு இருப்பின் உடன் அருந்தினான். அங்கே மது கொடையின் குறியீடு. மஸ்கெலியாவில் மது கழிவின் குறியீடு, அதாவது சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் தொகையின் குறியீடு. கொடுத்து மகிழ்ந்தவனின் கள்ளையும், கொடாமல் பிடிக்கப்பட்டவனின் சாராயத்தையும் ஒரே பண்பாட்டின் இரு முகங்கள் என்று பேசுதல் இலக்கியத்தைப் படித்ததன் பயனாகாது. அதே மரபில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார் என்பதையும் இவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். மரபு ஒரு குரலில் பேசவில்லை. அதில் தமக்கு வேண்டிய குரலை மட்டும் எடுத்துத் தொழிலாளியின் வாயில் ஊற்றுவது நேர்மையன்று.

தோட்டத்தில் மது எவ்வாறு வேரூன்றியது என்பதை வரலாறு கூறும். ஆங்கில ஆட்சியில் சாராய விற்பனை உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. ஏலத்தில் அதிக தொகை கேட்டவர் ஒரு பகுதியின் தவறணைகளை நடத்தும் தனியுரிமையைப் பெற்றார். கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் பெருகியபோது, கூலியைக் காசாகப் பெறும் பெருந்திரளான மக்கள் ஓரிடத்தில் குவிந்தனர். குத்தகைக்காரருக்கு இதனினும் நல்ல சந்தை எங்கே கிடைக்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் உள்நாட்டு முதலாளிகள் பலர் மூலதனம் திரட்டிய வழி சாராயக் குத்தகையே என்பதைக் குமாரி ஜயவர்தன தமது 2000ஆம் ஆண்டு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். தேயிலையின் இலாபம் கடல் கடந்து இலண்டனுக்குச் சென்றது. எஞ்சிய கூலியின் ஒரு பங்கு மலையிறங்கிக் கரையோரத்துக்குச் சென்றது. இரு வழியாலும் வற்றியவன் ஒருவனே.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இவ்வமைப்பைத் திருத்தியது. ஆனால் அரசின் வருமானம் மதுவின் மேல் தங்கியிருத்தலை அது திருத்தவில்லை. அக்காலத்தில் தென்னிலங்கையில் மதுவொழிப்பு இயக்கம் ஓங்கி, தேசிய எழுச்சியின் தொட்டிலாகவும் அமைந்தது. தவறணைக்கு எதிராகக் குரலெழுப்புதல் அந்நிய ஆட்சிக்கு எதிராகக் குரலெழுப்புதலாக அங்கே உணரப்பட்டது. தோட்டத்து லயங்களில் அவ்வாறான எழுச்சி தோன்றவில்லை. தோன்றாமைக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. வெளியார் உள்ளே வந்து கூட்டம் நடத்துவதற்கே துரையின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது.

இன்றைய நிலை என்ன? மதுவரியால் அரசு ஆண்டொன்றுக்குப் பெறும் வருமானம் பதினாயிரம் கோடி ரூபாவைத் தாண்டிவிட்டது. 2023 சனவரியில் மதுவரி நூற்றுக்கு 20 வீதத்தால் உயர்த்தப்பட்டது. 2024ஆம் ஆண்டில் தேர்தலை அண்டிய காலத்தில் வழங்கப்பட்ட மதுவிற்பனை உரிமங்களின் பட்டியல் அவ்வாண்டு திசம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டபோது, அவற்றின் தொகை முந்நூறைத் தாண்டியிருந்தது. பூரணை தினங்களில் தவறணை பூட்டப்படும் என்பது நாட்டில் ஒழுங்கு. ஆனால் தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. பூரணை விதி அதற்கு எக்காலத்தும் உதவாது. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் நிலைமை வேறன்று. தமிழ்நாட்டில் 1983இல் தொடங்கப்பட்ட அரச வாணிபக் கழகம், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தனதாக்கிக் கொண்டது. தீபாவளிக்கு எத்தனை கோடிக்கு மது விற்றது என்பது அங்கே ஆண்டுதோறும் நாளிதழ்ச் செய்தியாகின்றது. நரகாசுரனை வென்ற நாளை எந்தக் கல்லாப்பெட்டி கொண்டாடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான விடை தேவையில்லை.

தீபாவளி முற்பணத்தின் இயக்கத்தை இனி நோக்க வேண்டும். பண்டிகைக்குச் சில நாட்களின் முன் தோட்ட நிருவாகம் தொழிலாளருக்கு ஒரு தொகை முற்பணமாகக் கொடுக்கின்றது. அது வெகுமதியன்று, கடன். பின்வரும் மாதங்களில் தவணை தவணையாகச் சம்பளத்திலிருந்து அது கழிக்கப்படும். 2019இல் அடிப்படை நாட்கூலி 700 ரூபா. முற்பணமோ 10,000 ரூபா. ஆகவே பதினான்கு நாள் பேருக்கும் மேற்பட்ட உழைப்பு, உழைக்கப்படுமுன்னரே விற்கப்பட்டது. பின்னர் 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் விதிக்கப்பட்டது. முற்பணமும் அதற்கேற்ப ஏறியது. விலைவாசி இரண்டையும் விட விரைவாக ஏறியது. அந்த 1,350 ரூபாக் கூலியில் ஒரு போத்தல் சட்டபூர்வமான சாராயம் வாங்குவதற்கு இரண்டு நாட் கூலியும் போதவில்லை. இறக்குமதி வைனோ அதனினும் மேலானது.

இத்தொகை ஆண்டு முழுவதும் காணாத பருமனில் ஒரே நாளில் கைக்கு வருகின்றது. கடைக் கடன் தீர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேண்டும். மாவும் எண்ணெயும் வாங்கிப் பலகாரம் சுட வேண்டும். ஆட்டிறைச்சிப் பங்குக்குப் பணம் கட்ட வேண்டும். ஆயினும் நகரத்துக்கு வரும் வழியில் தவறணை நிற்கின்றது. அங்கே பெறும் மகிழ்ச்சி உடனடியானது, கூட்டானது, மறுக்கக் கடினமானது. ஆண்டு முழுவதும் பெரட்டுக்களத்தில் பேர் சொல்லி அதட்டப்பட்டவன், அன்று ஒருநாள் பிறருக்கு ஊற்றிக் கொடுக்கும் பெரியமனிதனாகின்றான். அவன் வாங்குவது சாராயத்தை மட்டுமன்று. ஒரு மாலைப்பொழுதுக்கு மதிப்பையும் வாங்குகின்றான். இதனை உணராமல் ‘குடிகாரன்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் தோட்டத்தை அறியாதவர். அதேவேளை, இதனை உணர்ந்தமையால் மன்னித்துவிடலாம் என்போர் அம்மாலைப்பொழுதின் விலையைச் செலுத்துபவர் யார் என்பதை அறியாதவர்.

அவ்விலையைச் செலுத்துபவள் பெண். தேயிலைத் தோட்டத்தின் வருமானம் கொழுந்தில் இருக்கின்றது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்கு நிகரான நாட்கூலி அவர்களுக்குக் கிடைத்ததே 1984ஆம் ஆண்டிலேதான். அதன் பின்னரும் அவள் பெயரில் எழுதப்பட்ட சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ சென்று வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. அவள் பெயரிலும் தீபாவளி முற்பணம் உண்டு. அதுவும் அவள் பேரிலிருந்தே கழிக்கப்படும். அத்தொகையில் எவ்வளவு தவறணைக்குச் செல்லவேண்டும் என்ற தெரிவில் அவளுக்கு வாக்கு உண்டா?

சட்டமும் இவ்விடத்தில் ஒரு கசப்பான வேடிக்கை காட்டுகின்றது. தவறணை எல்லைக்குள் பெண்களுக்கு மது விற்கலாகாது என்ற விதி 1979இல் மதுவரி அறிவித்தலாக வந்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கி ஆணை பிறப்பித்தார். சில நாட்களுக்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவ்வாணையை மீளப்பெறச் செய்தார். இவ்விவாதத்தில் கொழும்பு முழுவதும் பெண்ணின் குடிக்கும் உரிமையைப் பற்றியே பேசியது. மஸ்கெலியாப் பெண் கேட்க வேண்டிய வினா வேறு. தவறணையின் வாசலைத் தாண்டி மது வாங்க அவளுக்கு அன்று அனுமதியிருக்கவில்லை. அவள் பறித்த கொழுந்தின் கூலி மட்டும் அவ்வாசலைத் தாராளமாகத் தாண்டுகின்றது. அவளது கையைத் தடுக்கத் தெரிந்த சட்டத்துக்கு அவளது பணத்தைக் காக்கத் தெரியவில்லை. பெண்களும் குடிக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. குடும்பச் செலவில் அரைப்பங்குக்கு மேல் உழைப்பவளை விருந்தின் பரிமாறுபவளாக மட்டும் வைத்துக்கொண்டு, ‘குடும்ப விருந்துக்கு எந்த மது’ என்று பேசுதல் பொய் என்பதே பொருள். அங்கே குடும்பம் தெரிவதில்லை. ஒருவன் தெரிகின்றான், குடும்பம் கட்டுகின்றது.

அடுத்து உபதேசிகள். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரைச் சந்தித்து, மதுவை விட்டுவிடுமாறு வேண்டினார். அவரது நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் ஏறத்தாழ நூறாண்டுகளாக அதே உபதேசம் கோயில் மேடையிலும் தொழிற்சங்க மேடையிலும் ஒலித்தும் தவறணை பூட்டப்படவில்லை. ஏன்? உபதேசம் குடிப்பவனிடம் சொல்லப்படுகின்றது. விற்பவனிடமும் வரி பெறுபவனிடமும் சொல்லப்படுவதில்லை. மே தினத்திலும் தேர்தற் காலத்திலும் போத்தல்களைக் கொண்டே ஆட்களைத் திரட்டும் அரசியல், தீபாவளி வாழ்த்துச் செய்தியில் மட்டும் மதுவின் தீமையைப் பேசுமாயின் அதனை யார் நம்புவர்?

குடிக்கு நியாயம் கற்பிப்போரின் வாதங்களும் உபதேசிகளின் வாதங்களைப் போலவே சொத்தையானவை. ‘மஸ்கெலியாவின் குளிருக்கும் மழைக்கும் மது தேவை’ என்பது அவற்றுள் பழையது. மது அருந்தியவுடன் தோலின் கீழுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடலின் உள்வெப்பம் தோலுக்கு வந்து வெளியேறுகின்றது. சூடேறியது போன்ற உணர்வு உண்மையில் சூட்டை இழத்தலின் உணர்வே. ‘உடல் நோவுக்கு மருந்து’ என்பது மற்றொன்று. நோவு மறையாது, மறக்கப்படும். மறுநாள் பெரட்டில் இரண்டு மடங்காக நினைவுக்கு வரும்.

இனி, ‘சாராயத்துக்குப் பதிலாக வைன்’ என்ற சீர்திருத்த வாதத்தின் அடிப்படைக்கு வரலாம். கணக்கு எளியது. 750 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறத்தாழ 198 கிராம் தூய மதுசாரம் உண்டு. நூற்றுக்கு 12.5 பங்குடைய வைன் அதே அளவில் ஏறத்தாழ 74 கிராம் கொண்டது. பாரமற்றது என்று இளைஞர் கருதும் பியரிலும், நூற்றுக்கு 8.8 பங்குடைய 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 43 கிராம் அடங்கியுள்ளது. ஆகவே இரண்டு போத்தல் பியர் ஒரு போத்தல் வைனைத் தாண்டிவிடும். உடல் அறிவது கிராமைத்தான். போத்தலின் மேலுள்ள பெயரை அன்று. மதுபானத்தை மனிதரில் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே சேர்த்துவிட்டது. நலத்துக்குக் கேடற்ற அளவு என்று ஒன்று மதுவுக்கு இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ‘வைன் இதயத்துக்கு நல்லது’ என்ற கூற்றை இன்னும் சொல்லித் திரிவோர், அறிவியலைச் சொல்லவில்லை, வாணிபத்தைச் சொல்கின்றனர்.

விலை கூடிய பானத்தை நாகரிகத்தின் அளவுகோலாக்குவதில் இன்னொரு தீங்கும் உண்டு. எட்டாத உயரத்தில் ஒரு போத்தலை வைத்துவிட்டு, அதனை எட்டவேண்டும் என்ற வேட்கையை ஊட்டினால், எட்ட முடியாதவன் கீழே இருப்பதை எடுக்கின்றான். கீழே இருப்பது கசிப்பு. முறையற்று வடிக்கப்படும் கசிப்பில் மெதனோல் கலந்துவிடுமாயின், அது உடலில் போர்மிக் அமிலமாக மாறிக் கண்ணரம்பைத் தாக்கும். பார்வையையும் உயிரையும் பறிக்கும். 2024 சூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது அவ்வாறே. இறந்தோர் நாட்கூலிக்கு உழைத்தவர்கள். உயர்ந்த மது, தாழ்ந்த மது என்ற படிநிலையின் அடிப்படியில் நிற்பவன் எப்போதும் ஏழையே.

அங்ஙனமாயின் தீபாவளி விருந்தில் எதுதான் இருக்கவேண்டும் என்று கேட்கப்படலாம். இதற்கு விடை தேடி மஸ்கெலியா மக்கள் பிரான்சுக்குப் போகவேண்டியதில்லை. இறைச்சியின் கொழுப்பைத் தணிக்கும் துவர்ப்பு வைனுக்கு மாத்திரம் உரியதன்று, தேயிலைக்கும் உரியது. செந்நிற வைனுக்குச் சாத்திரிகள் கூறும் பெருமை முழுவதையும், மதுசாரமின்றி, நல்ல தேநீர் ஏற்கும். உலகின் சிறந்த தேயிலைகளுள் ஒன்று அவர்கள் கையாலேயே பறிக்கப்படுகின்றது. ஆனால் அது 1883ஆம் ஆண்டு முதல் இயங்கும் கொழும்பு ஏலத்துக்குச் செல்கின்றது. லயத்து அடுப்பில் கொதிப்பது தூளும் துகளும். தீபாவளியன்று மஸ்கெலியாக் குடும்பம் ஒன்றின் விருந்தில் அம்மலையின் முதல்தரத் தேயிலை இல்லாமையைப் பற்றி ஒருவரும் வருந்தவில்லை. வைன் இல்லாமையைப் பற்றி வருந்துவோர் தோன்றிவிட்டனர்! தன் உற்பத்தியிலிருந்து உழைப்பாளி அந்நியமாக்கப்படுகின்றான் என்ற கோட்பாட்டைப் பாடநூலில் படிக்கும் மாணவர், அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் செல்லத் தேவையில்லை.

எனினும் பானத்தை மாற்றுமாறு இன்னோர் உபதேசம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. வேண்டப்படுவது தெரிவு மீட்கப்படுதல். அதற்குச் செய்யக்கூடியவை உள. முதலாவது, பெண்ணின் முற்பணமும் சம்பளமும் அவள் கையிலேயே சேர்தல் வேண்டும். வேறெவர் கையிலும் கொடுக்கப்படலாகாது என்பதைத் தொழிற்சங்கங்கள் கூட்டங்களில் மட்டுமன்றிக் காரியாலய மேசையிலும் வற்புறுத்த வேண்டும். இரண்டாவது, முற்பணம் என்ற கடனுக்குப் பதிலாகப் பண்டிகைக் கொடுப்பனவு உரிமையாகக் கோரப்பட வேண்டும். கடனாக வருவதைத் தொலைப்பது எளிது. உரிமையாக வருவதைத் திட்டமிட்டுச் செலவிடும் பழக்கம் தானே வளரும். மூன்றாவது, தோட்டப் பகுதியில் புதிய மதுவிற்பனை உரிமம் வழங்கப்படுமுன் அப்பகுதிப் பெண்களின் கருத்து எழுத்தில் பெறப்பட வேண்டும். நான்காவது, போத்தலைக் காட்டி வாக்குக் கேட்பவர் எந்தக் கொடியை உடையவராயினும் அவரை லயத்து வாசலிலேயே திருப்பியனுப்பும் துணிவை இளைஞர் பெறவேண்டும்.

இவற்றுள் எதுவும் ஒரு தீபாவளிக்குள் நிறைவேறிவிடாது என்பது உண்மையே. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வந்த மலையக மாணவர், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கையில் கொண்டுசெல்லும் பொதியைப் பற்றி இப்போதே சிந்திக்கலாம். கொழும்பு நாகரிகத்தின் விலைப்பட்டியலைக் கற்றுக்கொண்டு, லயத்தில் உள்ளவர்களுக்கு வைன் தெரியாது என்று நகைப்பது ஒரு வழி. ஒரு காம்பிராவில் உட்கார்ந்து, தாயின் பெயரிலும் தகப்பனின் பெயரிலும் வந்த முற்பணம் எவ்வளவு, அது எத்தனை மாதம் கழிக்கப்படும், அதில் தவறணைக்குப் போனது எவ்வளவு என்பதைத் தாளில் எழுதிக் கணக்குக் காட்டுவது மற்றொரு வழி. முதல் வழி துரையின் மேசைக்குச் செல்வது. இரண்டாவது வழி கடினமானது. வீட்டில் சண்டையையும் மூட்டக்கூடும். ஆயினும் அக்கணக்கை எல்லோரும் சேர்ந்து பார்க்கும் நாளில்தான் அவ்வீட்டில் ‘விருந்துக்கு என்ன வாங்குவோம்?’ என்ற வினா முதன்முதலாகக் குடும்பத்தின் வினாவாகும். அன்று அவர்கள் எதைத் தெரிந்தாலும் அது அவர்களுடைய தெரிவாயிருக்கும். அதுவரை மஸ்கெலியாவின் விருந்து மேசையில் எந்தப் போத்தல் இருப்பினும், அதனைத் தெரிந்து வைத்தவர் அம்மேசையில் அமர்ந்திருப்பவர் அல்லர்.